மேலிருந்து தெரியாத தோட்டம்

அத்தியாயம் 9

ஒளித்து வைப்பதில் ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தால் பின்னால் தேடும்போது திண்டாட வேண்டியதுதான். வெண்டல் ஆஷ்பிக்கு இந்தப் பாடத்தை எழுபத்தொரு வயதில் கலிபோர்னியா அரசாங்கம் சொல்லிக்கொடுத்தது.

அவரை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று நினைவிருக்கும். கவுண்டி ஆபீஸ், அதாவது எங்கள் மாவட்ட ஆபீஸ், கேட்ட அத்தாட்சி கையில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதைக் கொடுக்காவிட்டால் கஞ்சா பயிரிட அனுமதி கிடையாது. அனுமதி இல்லாவிட்டால் நாற்பத்து மூன்று வருஷத் தோட்டம் அன்றோடு சரி. அந்த அத்தாட்சி இருக்கக்கூடிய ஒரே இடம் கடற்கரை ஊரில் இருக்கும் மகன் லிண்டனின் வீடு. அங்கே மட்டும் போகமாட்டேன் என்று வாரம் முழுக்க அடம்பிடித்த மனிதர், வெள்ளிக்கிழமை காலை துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பச்சை டிரக்கைக் கிளப்பிவிட்டார்.

மகள் டான்சி காலணியில் பாதிக் காலை நுழைத்தபடி ஓடிவந்தாள்.

"என் கார்ல போலாம்ப்பா. ஹீட்டர் இருக்கு."

"இதுலயும் இருக்கு."

"அது என்னிக்கு வேலை செஞ்சுது?"

"செய்யாது. ஆனா இருக்கு. ஏறு."

அந்த டிரக்குக்கு எங்கள் ஓடைக்கரையில் ஒற்றைக்கண்ணி என்று பெயர். டான்சி சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு மான் வந்து மோதி இடது விளக்கு தொங்கிப்போனது. வெண்டல் அதைக் கம்பியால் கட்டினார். இன்றுவரை அதே கம்பிதான்.

அத்தாட்சி கேட்கும் இந்த விதி நல்ல எண்ணத்தில் போட்டதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் யாரும் கடையில் கஞ்சா வாங்கிப் பிடிக்கலாம் என்று மாநிலம் ஓட்டெடுத்து முடிவுசெய்தவுடன், எங்கிருந்தோ புதுப் பணக்காரர்கள் வந்து மலையை மொட்டையடிக்கத் தொடங்கினார்கள். அதனால் எங்கள் கவுண்டியில் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். பழைய ஆட்களுக்கு மட்டுமே அனுமதி. முன்பே இந்த நிலத்தில் பயிரிட்டோம் என்று காட்ட வேண்டும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் தோட்டம் தெரிந்தால் போதும்.

எங்கள் மேட்டில் வெட்டவெளியில் நட்டு, மூன்று தடவை ஹெலிகாப்டரிடம் மாட்டிக்கொண்ட டேல் புரூவிட்டுக்கு முதல் வாரமே அனுமதி வந்துவிட்டது. படத்தில் அவன் தோட்டம் பளிச்சென்று தெரிந்ததாம்.

வெண்டல் அப்படி நட்டவர் இல்லை. சிவப்புப் பட்டை உரிந்து நிற்கும் மட்ரோன் மரங்களுக்கு அடியில், வெயில் எட்டிப் பார்க்கும் இடமாகத் தேடி, இங்கே இரண்டு அங்கே மூன்று என்று வாளிகளில் வைப்பார். மேலிருந்து பார்த்தால் வெறும் காடு. வருஷா வருஷம் கோடையில் ஹெலிகாப்டர் வந்து தலைக்கு மேல் சுற்றிவிட்டு ஏமாந்து போகும். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

காகிதமாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அக்டோபர் கடைசியில் எங்கள் ஓடைக்கரையில் எல்லா வீட்டுப் புகைக்கூண்டும் ஒரே நாளில் புகையும். உரக்கடை ரசீது, விதை வைத்த உறை, தேதி குறித்த காலண்டர், எல்லாம் அடுப்புக்குள் போகும். எரிப்பு நாள் என்போம். டான்சி ஏழு வயதில் தோட்டத்தை வரைந்து பச்சைக் கிரயான் அடித்து வைத்திருந்தாள். அவள் அம்மா கோரின் அதையும் அடுப்பில் போட்டுவிட்டு, இரண்டு நாள் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் பதினெட்டுப் பிள்ளைகளில் பதினான்கு பேர் 'தச்சர்' என்று எழுதுவார்கள். டீச்சரும் சரி என்று போட்டுக்கொடுப்பார், அவர் புருஷனும் தச்சர்தான். அத்தனை தச்சர்கள் இருந்த ஊரில் ஒழுங்காக மூடும் கதவு ஒன்றுகூடக் கிடையாது. என் வீட்டுக் கதவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு பத்திரமாக இருந்த குடும்பம் ஒரே ஒரு தடவை மாட்டியது. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பரில், போலீஸ் மலையில் நடந்தே வந்தது. வெண்டல் அன்று ஒற்றைக்கண்ணியை ஓட்டிக்கொண்டு டவுனுக்குக் கோழித் தீவனம் வாங்கப் போயிருந்தார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. இருபத்தொரு வயது லிண்டன் செடியெல்லாம் தன்னுடையது என்று சொல்லிக் கையை நீட்டினான். இரண்டு வருஷம் உள்ளே இருந்தான். வெளியே வந்து ஒரே ஒரு ராத்திரி வீட்டில் தங்கினான். அப்புறம் அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை. நான்கு வருஷம் முன்பு கோரினை அடக்கம் செய்த அன்றுகூடக் கேட்டருகே நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

அப்பாவின் செடிக்கு அண்ணன் ஜெயிலுக்குப் போனான், அப்பா வாயைத் திறக்கவில்லை. டான்சி இதை அன்றிலிருந்து மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

* * *

மலை இறங்கிவிட்டார்கள். வானுயர்ந்த ரெட்வுட் மரக் காட்டுக்குள் நுழைந்ததும் மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"நீ ஓட்டுப் போட்டுக் கொண்டாந்த சட்டம்தானே. அனுபவி," என்றார் வெண்டல்.

"நீங்க வேண்டாம்னு போட்டீங்களே, நின்னுதா?"

"நிக்கல. அதான் மூணு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

டான்சி சீட்டில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சீட்டுக்கு இன்னும் வாசனை போகவில்லை. பச்சையும் பிசினும் கலந்த பழைய அக்டோபர் வாசனை. அது மூக்கில் ஏறியதும் அவளுக்கு எப்போதும் ஞாபகம் வருவது சமையலறை மேஜைதான்.

அறுவடை முடிந்து செடி காய்ந்ததும் நான்கு பேரும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இலை நறுக்குவார்கள். கோரின் ஒவ்வொரு கத்தரிக்கோலிலும் ஒரு நூல் கட்டியிருப்பாள். அப்பாவுக்கு நீலம், லிண்டனுக்குச் சிவப்பு, டான்சிக்கு மஞ்சள், தனக்கு வெள்ளை. விரல் முழுக்கப் பிசின் அப்பிக்கொள்ளும். ஆலிவ் எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பாட்டை எடுப்பார்கள். கீழ்ப் பாலத்தில் தெரியாத வண்டி ஏதாவது ஏறினால் பக்கத்து வீட்டிலிருந்து வாக்கி-டாக்கியில் எச்சரிக்கை வரும். நான்கு நிமிஷத்தில் மேஜை காலியாகும். கோரின் எப்போதும் ஒரு பாத்திரத்தில் ரொட்டி மாவு பிசைந்து தயாராக வைத்திருப்பாள். வருகிறவன் கண்ணில் படுவது மாவு உருட்டும் ஒரு நல்ல குடும்பம்.

திருட்டுத் தொழில்தான், பயந்து பயந்து வாழ்ந்த வாழ்க்கைதான். ஆனாலும் அவர்கள் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த காலம் அது ஒன்றுதான். 

"அனுமதி கெடைச்சா காய வைக்கிற ஷெட்ல நாலு மூலையிலயும் கேமரா வைக்கணுமாம்ப்பா. ஒவ்வொரு செடிக்கும் நம்பர் போட்ட சீட்டு."

"அப்ப ஒரு செடியைப் படம் எடுத்தா ஜெயிலு. இப்ப எடுக்கலன்னா ஃபைனு." வெண்டல் கியரை மாற்றினார். "உங்கம்மா இருந்தா சிரிச்சிருப்பா."

* * *

லிண்டன் வாசலில் காஸ் அடுப்பை வைத்துப் பெரிய பானையில் நண்டு வேகவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் படகு பழுதுபார்க்கும் பட்டறை, அங்கேதான் அவனுக்கு வேலை. தாடியில் பாதி நரைத்திருந்தது. நாற்பத்திரண்டு வயதுக்கு அது அதிகம்தான்.

டான்சியைக் கட்டிக்கொண்டான். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தான். வெண்டலும் தலையசைத்தார். இருபது வருஷத்தில் அப்பனும் பிள்ளையும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

"விளக்க இன்னும் மாத்தலியா?" என்றான் லிண்டன், ஒற்றைக்கண்ணியைப் பார்த்து.

"எரியுதுல்ல."

"எரியுதா?"

"அப்பப்ப."

உள்ளே போய் மேஜையில் செய்தித்தாளை விரித்து நண்டைக் கொட்டினான். டான்சி சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பலகை அடித்துக் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்திருந்தான். ஜாடிகளில் ஆணி, திருகு, தூண்டில் முள். ஒவ்வொன்றின் மேலும் அம்மாவின் கையெழுத்தில் சீட்டு. 'பிளாக்பெர்ரி ஜாம் 1999.' 'பிளாக்பெர்ரி ஜாம் 2004.' கடைசி ஜாடி 2013. அம்மா அண்ணனுக்கு வருஷா வருஷம் ஜாம் அனுப்பிவந்தது டான்சிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"விஷயத்துக்கு வா," என்றான் லிண்டன், நண்டுக் காலை உடைத்தபடி. "போன்ல பாதிதான் சொன்னே."

டான்சி சொன்னாள். நிலத்தில் பயிர் இருந்தது என்று சர்க்கார் முத்திரை போட்ட எந்தக் காகிதம் இருந்தாலும் போதும், போலீஸ் காகிதமானாலும் சரி என்று கவுண்ட்டரில் இருக்கும் பெண் சொல்லியிருந்தாள். கோர்ட்டில் கேட்டால் லிண்டன் வழக்குக் கட்டு இனி யாருக்கும் கிடையாது என்கிறார்கள். ஒன்றரை மாதம் முன்புதான் லிண்டனின் பழைய வழக்கைத் துடைத்து மூடியிருந்தார்கள். கஞ்சாவைச் சட்டமாக்கிய அதே ஓட்டுதான் பழைய குற்றவாளிகளுக்கு அந்த வழியையும் திறந்துவிட்டது.

"உன் வக்கீல் குடுத்த பிரதி உங்கிட்ட இருக்குமே?"

"இருக்கு."

"அதைக் குடு."

லிண்டன் கையைத் துடைத்துக்கொண்டான். "கவுண்டியில குடுக்கிற ஃபைலை யார் வேணா பார்க்கலாமா?"

"பார்க்கலாம். கம்ப்யூட்டர்ல போட்டுடுவாங்க."

"என் பேர், வழக்கு நம்பர், எல்லாம்?"

டான்சி தலையாட்டினாள்.

"திங்கக்கிழமை ஸ்கூல் பஸ் ஓட்டற வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க, டான்சி. ரெண்டு தடவை கேட்டு ரெண்டு தடவையும் அந்த ஒரு வழக்கால போச்சு. இப்பத்தான் துடைச்சேன். கோர்ட்ல துடைச்சதைக் கவுண்டியில கொண்டுபோய் ஒட்டச் சொல்றியா?"

வெண்டல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "நியாயம்தான். கெளம்பு டான்சி. நண்டு நல்லா இருந்துது."

அவர் தட்டில் நண்டு அப்படியே இருந்தது. டான்சிக்கு இருபத்தொரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"உக்காருங்கப்பா. உங்க செடிக்கு இவன் போனான். நீங்க பேசாம இருந்தீங்க. இன்னிக்காவது வாயத் தொறந்து இவன்கிட்ட மன்னிப்பாவது கேளுங்க. அனுமதி கெடைக்குதோ இல்லியோ."

வெண்டல் நின்றுகொண்டே இருந்தார். பேசியது லிண்டன்தான்.

"அவரு செடின்னு உனக்கு யார் சொன்னா?"

எழுந்து உள்ளே போனான். பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து நண்டு ஓடுகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

போலீஸ் எடுத்த படம். மட்ரோன் மரங்கள், மரத்தடியில் வாளிகள், இடுப்புயரச் செடிகள். நடுவில் வைக்கோல் தொப்பியும் கையில் தண்ணீர்ப் பூவாளியுமாகக் கோரின் நின்றாள். முகத்தில் பயம் இல்லை. பாதி வேலையில் யாரோ வந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்ற எரிச்சல்தான் இருந்தது.

டான்சி படத்தைத் தொடவில்லை. தோட்டத்தில் படம் எடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அம்மா அந்தத் தோட்டத்தில் நிற்கும் படம் இந்த உலகத்தில் இது ஒன்றுதான் இருந்தது. அதையும் போலீஸ்காரன்தான் எடுத்துக்கொடுத்திருக்கிறான்.

"அப்பா வெறகு வெட்டுவாரு, இலை பறிப்பாரு, தண்ணி கட்டுவாரு, அவ்வளவுதான் அவர் வேலை," என்றான் லிண்டன். "வெதை எடுக்கிறது, எதை எங்க வைக்கிறது, எல்லாம் அம்மாதான். அது அவங்க தோட்டம். போலீஸ் வந்தப்ப நான் மேல இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா அம்மா இப்படி நிக்கிறாங்க. என்னோடதுன்னேன். அம்மா தக்காளிக்குத் தண்ணி ஊத்த வந்தாங்கன்னேன்."

"அங்க தக்காளி ஏது?"

"ஒரு செடிகூடக் கெடையாது. அந்த ஆள் சுத்தி ஒரு தடவை பார்த்தான். அம்மாவப் பார்த்தான். என்னப் பார்த்தான். சரின்னு எழுதிக்கிட்டான்."

"அப்புறம் ஏன்டா வீட்டுக்கு வரலே?"

லிண்டன் ஜாடிகளைப் பார்த்தான். "வெளிய வந்த அன்னிக்கு அம்மா சோறு போட்டாங்க. தட்டப் பார்த்துதான் போட்டாங்க. என் மூஞ்சியப் பார்க்க அவங்களால முடியல. நான் அங்க இருந்தா அவங்களுக்குத் தெனமும் வழக்குதான். அதான் போயிட்டேன்."

வெண்டல் மெதுவாக உட்கார்ந்து படத்தை எடுத்துக்கொண்டார். இடது கையில் பிடித்து, கட்டைவிரலை மேல் மூலையில் வைத்து, மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலப்பா?" என்றாள் டான்சி.

"அவ சொல்லக் கூடாதுன்னா. அவ போனப்புறம் சொன்னா, எதிர்த்துப் பேச முடியாத ஆள் மேல பழியப் போட்ட மாதிரி இருக்கும்." படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கும் யார் மேலயாவது கோவப்படணும். எம்மேலயே இருக்கட்டும்னு விட்டேன்."

டான்சி அழுதாள். அப்பாவுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த அத்தனை நல்ல வார்த்தைகளையும் நினைத்து அழுதாள். பிறந்தநாள் வாழ்த்தைக்கூட ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன மகள் அவள்.

"நீங்க அன்னிக்கு டவுன்ல இல்லாம இருந்திருந்தா இவ்வளவும் நடந்திருக்காது," என்றாள்.

வெண்டல் படத்தை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டார். லிண்டன் நண்டு ஓடுகளைச் செய்தித்தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் போனான். திரும்பி வர அவனுக்கு நேரம் பிடித்தது.

வந்ததும் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தான். "மணி ஒண்ணரை. மத்த காகிதம் எதுவும் வேண்டாம். இந்தப் படம் போதும். பின்னால தேதி இருக்கு, நிலத்து நம்பர் இருக்கு, முத்திரை இருக்கு."

டான்சி எட்டிப் பார்த்தாள். "உன் வழக்கு நம்பரும் இருக்கே. முன்பக்கத்த மட்டும் குடுத்தா?"

"முன்பக்கம் வெறும் படம். பின்பக்கம் இருந்தாத்தான் அது சாட்சி." ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தான். "நானும் வரேன். குடுக்கிறதா வேண்டாமான்னு அங்க போய்ச் சொல்றேன்."

* * *

ஒற்றைக்கண்ணியில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் டான்சி. வண்டியை லிண்டன் ஓட்டினான். வெண்டல் படத்தை உறையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார், அதே மூலையில் அதே கட்டைவிரல். டான்சி அந்தக் கையைத் தன் கையால் மூடிக்கொண்டாள். அப்படி அவள் அவர் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

கவுண்டி ஆபீஸ் வாசலில் ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தியபோது மணி நாலு முப்பத்தெட்டு. உள்ளே டேல் புரூவிட் ஏதோ புது ஷெட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தான்.

"இன்னும் அலையறீங்களா வெண்டல்? அப்பவே சொன்னேன், வெட்டவெளியில செடி வைங்கன்னு."

"மூணு தடவை மாட்டினவன் புத்தி சொல்றான், கேட்டுக்க," என்றார் வெண்டல் மகளிடம்.

கவுண்ட்டரில் இருந்த நவோமி இளம்பெண். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவள். எங்கள் ஆட்களோடு இரண்டு மாதமாகப் போராடியதில் அவளுக்குக் கண்ணுக்கடியில் கருவளையம் வந்திருந்தது.

"கொண்டுவந்துட்டீங்களா? குடுங்க, இன்னிக்கே ஏத்திடறேன்."

வெண்டல் படத்தை மேஜையில் வைத்தார். முழுக்க விடவில்லை. "இதை வாங்கி வெச்சீங்கன்னா யார் யார் பார்ப்பாங்க, அம்மா?"

"யார் கேட்டாலும் பார்க்கலாம், சார். பொது ஆவணம்."

"பின்பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

வெண்டல் படத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப வேண்டாம்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பத்தாறு. மட்ரோன் மரங்களும் வாளிகளும், அம்மா குனிந்து குனிந்து நடந்த அந்தப் பாதையும் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து போயின. ஆனாலும் அண்ணனிடம் இதற்கு மேல் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஒரு தடவை இவன் பேர எடுத்துக்கிட்டோம். ரெண்டாவது தடவை எடுக்கிற தைரியம் எனக்கில்ல," என்றார் வெண்டல். "தோட்டம் போனா போகுது. நான் கொஞ்ச நாள் நெஜமாவே தச்சு வேல பார்க்கிறேன்."

லிண்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டி அப்பாவின் பையிலிருந்து படத்தை எடுத்தான்.

"திங்கக்கிழமை அவங்க கேட்டா நானே சொல்லிடறேன்ப்பா. குடுத்தா ஓட்டறேன். இல்லாட்டி படகு இருக்கு." படத்தை நவோமியின் பக்கம் தள்ளினான். "மறைச்சு மறைச்சுத்தான் இன்னிக்குக் காட்ட ஒண்ணும் இல்லாம நிக்கிறோம். அம்மாவாவது வெளிய வரட்டும். வாங்கிக்குங்க."

நவோமி ஒரு தாளை நீட்டினாள். படத்தில் பயிரிடுபவர் யார் என்று வீட்டுப் பெரியவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெண்டல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பெயர்: கோரின் ஆஷ்பி. உறவு: மனைவி. அடுத்த வரியில் தொழில் என்று இருந்தது. பேனா அங்கே நின்றது.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், பாங்கில், ஆஸ்பத்திரியில், கோரினின் இறப்புச் சான்றிதழில்கூட அந்த இடத்தில் எழுதியதெல்லாம் பொய். பிறகு பெரிய எழுத்தில், இடம் போதாமல் கோட்டைத் தாண்டி, 'விவசாயி' என்று எழுதினார்.

டான்சியும் லிண்டனும் அந்த ஒரு வார்த்தையைப் படித்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் மூன்று பேரும் அங்கேயே உடைந்திருப்பார்கள்.

நவோமி முத்திரை குத்தினாள். நாலு ஐம்பத்தொன்று. படத்தை ஸ்கேனரில் வைத்து மூடினாள். அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த பெரிய திரையில் அது மெல்ல இறங்கி வந்தது. கோரினின் தொப்பி, முகம், பூவாளி, எல்லாம் ஆள் உயரத்துக்கு.

"அம்மா," என்றாள் டான்சி, தனக்குள்.

நவோமி படத்தின் ஓரங்களை நேர்படுத்திக்கொண்டிருந்தாள். "மேல இடது மூலையில மரத்துக்குப் பின்னால என்னமோ இருக்கு, சார். தோட்டம் மட்டும் தெரிஞ்சா போதும். வெட்டி விட்டுடட்டுமா?"

லிண்டன் வீட்டிலிருந்து வெண்டலின் கட்டைவிரல் இருந்த மூலை அது. டான்சி நிமிர்ந்து பார்த்தாள்.

பச்சை நிறத்தில் ஒரு டிரக்கின் முன்பாகம். இடது விளக்கு கம்பியால் கட்டியிருந்தது.

அவள் கண் தானாக ஜன்னலுக்குப் போனது. வெளியே ஒற்றைக்கண்ணி நின்றுகொண்டிருந்தது. கோழித் தீவனம் வாங்க டவுனுக்குப் போயிருந்த வண்டி. லிண்டனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார்? வெட்டட்டுமா?"

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். திரையில் நின்ற மனைவியை ஒரு தடவை பார்த்தார்.

"வெட்டாதீங்கம்மா," என்றார். "அதுவும் இருக்கட்டும்."

பிறகு பின்னால் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, மகளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"வா கண்ணு. இப்படி உக்காரு. நான் எங்க இருந்தேன்னு சொல்றேன்."